பந்தெறியும் பொறி



தினைப்புனத்தில் பரண் கட்டிக் கிளி கடிந்த நாளிலே நம் முன்னோர் கையில் இருந்த கருவி கவண். கயிற்றின் நடுவே ஒரு கல்லை வைத்துச் சுழற்றி, ஒரு முனையை விட்டுவிட்டால், வெறுங்கை எறிய முடியாத தொலைவுக்குக் கல் பறக்கும். கை நீண்டதனால் வேகம் கூடிற்று. அவ்வளவே அதன் சூத்திரம். மேற்கு மலையின் அடிவாரத்தில் வாழும் சேத்தூர், தேவதானம் பக்கத்து முதியவர்களுக்கு இதனை நான் விளக்க வேண்டியதில்லை. அந்தக் கவணின் வழித்தோன்றல் ஒன்றைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகின்றேன். அது பறவையை ஓட்டுவதற்கன்று. மட்டை பிடித்து நிற்கும் மாணவனுக்கோ மாணவிக்கோ பந்தை எறிவதற்கு ஏற்பட்ட பொறி.

தமிழ்நாடு பிரீமியர் லீக் கிரிக்கெட் ஆட்டங்கள் 2016 முதல் திருநெல்வேலிச் சங்கர் நகரிலும் நத்தத்திலும் நடக்கத் தொடங்கிய பின், தென் மாவட்டத்துப் பிள்ளைகளுக்குப் பெரிய ஆட்டம் கண்ணுக்கெட்டும் தொலைவில் வந்துவிட்டது. பேஸ்பாலும் சாஃப்ட்பாலும் கல்லூரிகளில் ஆடப்படுகின்றன. எனவே, "நம் பள்ளிக்கு ஒரு பந்தெறியும் பொறி வாங்கலாமா?" என்ற கேள்வி இன்று இயல்பாகவே எழுகின்றது. பல நாள் சேர்த்த பணத்தைச் செலவிடும் காரியம் இது. தவறினால் பணத்தோடு ஒரு பிள்ளையின் பல்லோ கண்ணோ போய்விடவும் கூடும். ஆகையால் சற்று விரிவாகவே ஆராய்வோம்.

இப்பொறியின் வரலாற்றில் ஒரு வேடிக்கை உண்டு. இதனை முதலிலே ஆக்கியவர்களுள் பலர் ஆட்டக்களத்தைவிடக் கரும்பலகைக்கு நெருங்கியவர்கள். இங்கிலாந்தில் நிக்கலஸ் ஃபீலிக்ஸ் என்ற புனைபெயரில் கிரிக்கெட் ஆடிய பள்ளியாசிரியர் ஒருவர், பண்டை ரோமானியர் கோட்டை மதிலைத் தாக்கப் பயன்படுத்திய கல்லெறி பொறியைப் பின்பற்றிக் 'கேட்டபல்ட்டா' என்ற ஒன்றை அமைத்தார்; 1845இல் வெளிவந்த தம் நூலில் அதனை விவரித்துமிருக்கின்றார். அமெரிக்காவிலே, பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் கணிதம் கற்பித்த சார்ல்ஸ் ஹின்ட்டன் 1897இல் பேஸ்பாலுக்காக ஒரு பொறி செய்தார். நான்காம் பரிமாணத்தைப் பற்றி எழுதிப் புகழ் பெற்றவர் அவர். அவருடைய பொறியோ வெடிமருந்தால் இயங்கும் துப்பாக்கி! பந்தை அது நன்றாகவே வளைத்து எறிந்தது. ஆனால் வெடியோசையைக் கேட்ட மாணவர் அதன் எதிரே நிற்க அஞ்சினர். அவர்களைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை. மூன்றாமவர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்து ஜான் வென். கணிதப் பாடத்தில் கணங்களைக் காட்ட ஒன்றையொன்று வெட்டும் வட்டங்களை வரைகின்றீர்களே, அந்த வென் படங்களுக்கு உரியவர் அவரே. அவர் ஆக்கிய கிரிக்கெட் பொறி, 1909இல் கேம்பிரிட்ஜுக்கு வந்த ஆஸ்திரேலிய அணியின் சிறந்த ஆட்டக்காரர் ஒருவரின் விக்கெட்டைத் திரும்பத் திரும்ப வீழ்த்தியதாகக் கூறுவர்.

இன்று பெரும்பாலும் கிடைப்பவை சக்கரப் பொறிகள். கரும்புச் சாறு பிழியும் கடையைப் பார்த்திருப்பீர்கள். எதிரெதிராய்ச் சுழலும் இரண்டு உருளைகள் கரும்பைப் பற்றி உள்ளே இழுத்து மறுபுறம் தள்ளுகின்றன. இராஜபாளையத்து நூற்பாலைகளிலே பஞ்சை இழுப்பதும் இத்தகைய உருளை இணைகளே. உருளைகளுக்குப் பதிலாக ரப்பர் பூசிய இரு சக்கரங்களை வைத்து, மின்மோட்டாரால் வேகமாகச் சுழற்றி, இடையில் பந்தை இட்டால் அது எதிர்ப்பக்கத்தில் பாய்ந்து செல்லும். இதுதான் பொறி. சக்கரத்தின் குறுக்களவு 30 சென்டிமீட்டர் எனக் கொள்வோம். ஒரு சுற்றுக்கு அதன் விளிம்பு ஏறத்தாழ 94 சென்டிமீட்டர் நகரும். பந்து மணிக்கு 100 கிலோமீட்டர், அதாவது விநாடிக்கு 27.8 மீட்டர் வேகத்தில் செல்ல வேண்டுமானால், சக்கரங்கள் நிமிடத்திற்குச் சுமார் 1,770 முறை சுழல வேண்டும். வீட்டிலே கணக்கிட்டுச் சரி பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு சக்கரங்களும் ஒரே வேகத்தில் ஓடினால் பந்து சுழலாமல் செல்லும். ஒன்று விநாடிக்கு 30 மீட்டரும் மற்றொன்று 26 மீட்டரும் ஓடினால், பந்து இரண்டின் சராசரியான 28 மீட்டர் வேகத்தில் புறப்படும். அத்துடன் கிரிக்கெட் பந்தின் அளவுக்கு நிமிடத்திற்கு ஐந்நூறு சுற்றுக்குமேல் தன்னைத்தானே சுழன்றும் செல்லும். மேற்சக்கரம் வேகமாக ஓடினால் பந்து எதிர்பார்த்ததற்கு முன்பே தாழும். கீழ்ச்சக்கரம் வேகமாக ஓடினால் சற்று மிதக்கும். பொறியின் தலையைச் சாய்த்து வைத்தால் பக்கவாட்டில் வளையும். சுழலும் பொருளின்மேல் காற்றின் விசை ஒரு பக்கமாய்ச் சாய்வதை ஜெர்மானிய அறிஞர் மாக்னஸ் 1852இல் ஆராய்ந்தமையால், அதற்கு அவர் பெயரே வழங்குகின்றது.

எந்தப் பொறியைத் தேர்ந்தெடுப்பது? ஒற்றைச் சக்கரப் பொறி விலை மலிவு. ஆனால் ஒரே வகைச் சுழற்சியைத்தான் தரும். மூன்று சக்கரப் பொறி நுட்பமானது. பழுது பார்க்கும் வேலையும் அதற்கேற்ப மிகுதி. வில்விசையால் கைபோல் வீசும் பொறிகளும், காற்றழுத்தத்தால் பந்தைத் தள்ளும் பொறிகளும் உண்டு. பள்ளிக்கு இரட்டைச் சக்கரமே தக்கது என்பது என் கருத்து.

விற்பவர், "மணிக்கு இத்தனை கிலோமீட்டர்" என்று பெருமையாகச் சொல்லுவார். அந்த எண்ணில் மயங்க வேண்டாம். ஆட்டக்காரருக்குக் கிடைக்கும் நேரமே முக்கியம். அது தொலைவையும் பொறுத்தது. கிரிக்கெட்டில் எறியும் கோட்டுக்கும் அடிக்கும் கோட்டுக்கும் இடையே 17.68 மீட்டர். பேஸ்பாலில் 18.44 மீட்டர். மகளிர் சாஃப்ட்பாலிலோ 13.11 மீட்டர்தான். 100 கிலோமீட்டர் வேகப் பந்து கிரிக்கெட்டில் வந்து சேர 0.64 விநாடி ஆகும், சாஃப்ட்பாலில் 0.47 விநாடியிலேயே வந்துவிடும். அதாவது சாஃப்ட்பால் மாணவி சந்திக்கும் 100, கிரிக்கெட் மாணவன் சந்திக்கும் 135க்குச் சமம். 'மென்பந்து' என்ற பொருள்படும் பெயரைக் கேட்டு ஏமாறுவோர் இதனை நினைவில் வைக்க வேண்டும்.

பந்தின் பருமனும் வேறுபடும். கிரிக்கெட் பந்தும் பேஸ்பாலும் ஏறத்தாழ ஒரே அளவு; சாஃப்ட்பாலின் சுற்றளவோ 30 சென்டிமீட்டருக்கும் சற்று மேல். சக்கரங்களுக்கு இடையேயுள்ள இடைவெளியைக் கூட்டவும் குறைக்கவும் வழியில்லாத பொறி இரண்டு ஆட்டத்திற்கும் உதவாது. உயரமும் அப்படியே. வேகப்பந்து வீச்சாளரின் கையிலிருந்து கிரிக்கெட் பந்து சுமார் இரண்டு மீட்டர் உயரத்தில் புறப்படுகின்றது. சாஃப்ட்பால் இடுப்பருகே புறப்படுகின்றது. பொறியின் கால்கள் இரண்டுக்கும் ஏற்ப நீளவும் குறுகவும் வேண்டும்.

மின்சாரத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். பள்ளிக் கட்டடத்திலிருந்து மைதானத்தின் நடுவுக்கு மெல்லிய கம்பியை நெடுந்தூரம் இழுத்துச் சென்றால், வழியிலேயே மின்னழுத்தம் குறைந்து மோட்டார் சோர்ந்துவிடும், கம்பியும் சூடேறும். தடித்த கம்பி வேண்டும். மோட்டார் வண்டிக்குரிய 12 வோல்ட் பாட்டரியால் ஓடும் பொறிகளும் உள்ளன. மைதானம் தொலைவிலுள்ள ஊர்ப்பள்ளிகளுக்கு அவை வசதியானவை.

பயன்படுத்தும் முறையில் விட்டுக்கொடுக்கக் கூடாதவை சில. மணிக்கு 100 கிலோமீட்டரில் வரும் கிரிக்கெட் பந்தின் தாக்கம், ஒரு கிலோ படிக்கல் ஆறு மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்கு ஒப்பாகும். ஆகவே தலைக்கவசம் இல்லாமல் ஒருவரும் எதிரே நிற்கலாகாது. முதல் சில பந்துகளை ஆளில்லாமலே எறிந்து, அவை விழும் இடத்தைப் பார்த்த பிறகே ஆட்டக்காரர் வர வேண்டும். பந்தை இடுபவர் ஒவ்வொரு முறையும் அதனை உயர்த்திக் காட்டி, எதிரே உள்ளவர் ஆயத்தமாய் இருப்பதை அறிந்தே இட வேண்டும். சக்கரம் சுழலும்போது பொறியின் முன்னே யாரும் குறுக்கே நடத்தல் கூடாது. பந்து சிக்கிக்கொண்டால் மின்சாரத்தைத் துண்டித்து, சக்கரங்கள் முற்றிலும் நின்றபின் எடுக்க வேண்டும். கையையோ குச்சியையோ உள்ளே விடும் அவசரக்காரரைப் பொறியருகே அண்டவிடாதீர்கள்.

இனி, கோளாறுகள். "நேற்று நேரே எறிந்த பொறி இன்று கண்டபடி எறிகின்றது" என்பதுதான் பெரும்பாலும் கேட்கும் முறையீடு. உடனே மோட்டாரைப் பிரிக்கப் புறப்படுவோர் பலர். முதலில் பார்க்க வேண்டியது பந்தை. புதிய பந்தும் தேய்ந்த பந்தும், உலர்ந்ததும் பனியில் நனைந்ததும் கலந்திருந்தால் எந்தப் பொறியும் ஒரே இடத்தில் எறியாது. தையல் உள்ள தோற்பந்தைச் சக்கரம் ஒவ்வொரு முறையும் வெவ்வேறு விதமாய்ப் பற்றும். தையல் ரப்பரையும் தின்றுவிடும். இதற்காகவே குழிகள் இட்ட பிளாஸ்டிக் பந்துகளைப் பொறிக்கென்று செய்கின்றனர். பந்து சரியாய் இருப்பின், பொறியின் கால்களைப் பாருங்கள். ஒவ்வொரு எறியின் உதைப்பிலும் கால் சிறிது நகர்ந்திருக்கும். தரையில் முளையடித்துப் பிணைக்க வேண்டும். அதன்பின் சக்கரத்தைப் பாருங்கள். நம் பக்கத்துப் புழுதி ரப்பரின்மேல் படிந்து மெருகேறினால் பந்து வழுக்கும். ஈரத்துணியால் துடைத்து உலர விட்டால் பல நேரங்களில் அதுவே போதும்.

முதற்பந்து வேகமாகவும் அடுத்தடுத்தவை மெதுவாகவும் வந்தால், பொறி பழுது என்று முடிவு கட்ட வேண்டாம். ஒவ்வொரு பந்தும் சக்கரத்தின் ஆற்றலில் ஒரு பகுதியை எடுத்துச் செல்கின்றது. சக்கரம் மீண்டும் வேகம் பெறச் சில விநாடி பொறுத்துப் பந்தை இடுங்கள். பொறுத்தும் வேகம் வரவில்லையானால் பாட்டரியோ கம்பியோ காரணமாகலாம். ஒரு சக்கரம் மட்டும் ஓடவில்லையானால் ஃப்யூஸையும், மோட்டாரின் கார்பன் பிரஷ்ஷையும் மின்பணியாளரைக் கொண்டு சோதியுங்கள். நடுக்கமும் புதிய ஓசையும் தோன்றினால் அன்றைய பயிற்சியை நிறுத்திவிட வேண்டும். தளர்ந்த மரையோ விரிந்த சக்கரமோ இருக்கலாம்.

காற்றையும் பொறியின் குற்றமாகக் கருதுவோர் உண்டு. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்களே, கனமற்ற பிளாஸ்டிக் பந்து எம்மாத்திரம்? மலைக் காற்று வீசும் அம்மாதங்களில் காலை நேரத்தை நாடுங்கள். காற்றுக்குக் குறுக்கே பொறியை வைக்காதீர்கள்.

இவ்வளவும் செய்தபின்னும் பொறிக்கு ஒரு குறை உண்டு; அதனைச் சரிசெய்ய எந்தப் பணியாளராலும் ஆகாது. நல்ல ஆட்டக்காரர் பந்து வந்தபின் அதனைப் பார்ப்பதில்லை. வீசுபவரின் ஓட்டம், தோள், மணிக்கட்டு, விரல் ஆகியவற்றை முன்கூட்டியே கண்டு பாதி முடிவு செய்துவிடுகின்றார். பொறிக்கு மணிக்கட்டு ஏது? பொறியின் எதிரே ஆடும்போது ஆட்டக்காரரின் காலசைவும் மட்டையின் நேரமும் மாறிவிடுவதை ஆராய்ச்சியாளர் அளந்து கண்டிருக்கின்றனர். எனவே ஓர் அடியை நூறு முறை திரும்ப ஆடிப் பழகப் பொறி. பந்து வீசுபவரைப் படித்தறிய மனிதக் கை. முழு நாளும் பொறியின் எதிரே நிற்கும் பிள்ளை, பொறியை வெல்லத்தான் கற்றுக்கொள்ளும்.

பொறி வாங்க இயலாத பள்ளிகள் வருந்த வேண்டியதில்லை. நீண்ட பிடியின் நுனியில் கரண்டி போன்ற குழி அமைந்த எறிகோல் ஒன்று இப்போது வழக்கத்தில் உள்ளது. பந்தைக் குழியில் வைத்து வீசினால் தோளுக்கு வருத்தமின்றி மிகுந்த வேகம் கிடைக்கும். இந்திய அணியினருக்கு இக்கோலால் பந்தெறிந்து பயிற்சி அளித்து வருபவர்களுள் கருநாடகத்தைச் சேர்ந்த ராகவேந்திரா பெயர் பெற்றவர். விலையோ பொறியின் விலையில் மிகச் சிறு பங்கு. சூத்திரமோ பழைய கவணுடையது. கைப்பழக்கம் வரச் சில வாரம் ஆகும். அதுவரை முழு வேகத்தை நாடாமல் தொலைவைக் குறைத்துக்கொள்ளலாம். 10 மீட்டர் தொலைவிலிருந்து மணிக்கு 80 கிலோமீட்டரில் எறிந்தால், 140 கிலோமீட்டர் வேகப் பந்து வீச்சாளரின் எதிரே கிடைக்கும் அதே 0.45 விநாடிதான் ஆட்டக்காரருக்குக் கிடைக்கும். அவ்வளவு அருகில் நின்று எறிபவர், அடித்த பந்து தம் முகத்துக்கே திரும்பி வராதபடி, முன்னே ஒரு வலைத்தட்டியை நிறுத்திக்கொண்டு அதன் ஓரத்திலிருந்து எறிய வேண்டும்.