அயல் நூலும் நம் வினாவும்

பட்டமேற்படிப்பில் உலக அரசியல் பயிலும் நம் மாணவர் ஓதும் கோட்பாடுகளிற் பெரும்பாலன மேனாட்டில் பிறந்தவை. அவற்றைக் கற்பது குறையன்று; அவற்றோடு நின்றுவிடுவதே குறை.

1955-இல் டில்லியில் தோன்றி, 1970-இல் ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தோடு இணைந்த இந்திய சர்வதேச ஆய்வுப் பள்ளியின் முதல் இயக்குநர் அ. அப்பாதுரை. கி.பி. 1000 முதல் 1500 வரை தென்னாட்டின் பொருளியல் நிலை எவ்வாறிருந்தது என்பதை ஆராய்ந்து 1936-இலேயே நூல் வெளியிட்டவர் அவர். சொந்த மண்ணை அளந்தபின் உலகை அளக்க முற்பட்டார்.

பாலக்காட்டு எல்லையில், மழை குன்றிய வடகரப்பதியில், தமிழும் மலையாளமும் பேசும் உழவர் வாழ்கின்றனர். 1960-ஆம் ஆண்டின் சிந்து நதி உடன்படிக்கையைக் கற்கும் மாணவன், தமிழகமும் கேரளமும் 1970-இல் கையெழுத்திட்ட பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தத்தையும் இவ்வுழவரின் கண்கொண்டு கற்கட்டும்.

பிற மாநிலங்களில் வாழும் பெற்றோரே! உங்கள் மக்கள் ஏந்தும் கருவி எந்நாட்டதாயினும் ஆகுக, வினா நம்முடையதாகுக.