சார்த்ர் நகருக்கு ஒரு வார இறுதி



பிள்ளைகளைப் பார்க்க வெளிநாடு போய் வருகிறவர்கள் நம் குடியிருப்பில் பலர் இருக்கிறீர்கள். பாரிஸ் போகிறவர்கள் ஈஃபில் கோபுரத்தோடு திரும்பிவிடாதீர்கள். ஒரு சனி, ஞாயிறு ஒதுக்கி, காரில் சார்த்ர் நகருக்குப் போய் வாருங்கள். தென்மேற்கே சுமார் 90 கிலோமீட்டர்தான்.

சுங்கச்சாலையில் சீக்கிரம் போகலாம். ஆனால் பார்க்க ஒன்றும் இருக்காது. ரம்பூயே காட்டு வழியாகச் சிறிய சாலைகளில் போங்கள். ஓட்டுவது வலப்பக்கம். ஊருக்குள் பலகை ஏதும் இல்லாத சந்திப்பில் வலப்புறமிருந்து வரும் வண்டிக்கே முதல் உரிமை. அது சின்னச் சந்திலிருந்து வந்தாலும் நீங்கள்தான் நிற்க வேண்டும். சர்வதேச ஓட்டுநர் அனுமதியை இங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

காடு முடிந்ததும் போஸ் சமவெளி. கண்ணுக்கெட்டிய வரை கோதுமை வயல். அதன் விளிம்பில் இரண்டு கோபுரங்கள் மட்டும் தெரியும்; ஊர் தெரியாது. ஒன்று 12-ஆம் நூற்றாண்டுக் கோபுரம், மொழுமொழுவென்று இருக்கும். மற்றது 16-ஆம் நூற்றாண்டில் வேலைப்பாட்டோடு எழுப்பியது, சற்று உயரம். ஜோடி சேராத இந்த இரண்டும்தான் எனக்கு அழகாகப் பட்டன.

பழைய தேவாலயம் 1194-ல் எரிந்துபோக, இப்போதுள்ளதைக் கட்டினார்கள். உள்ளே இருட்டு, கண் பழகியபின் வண்ணக் கண்ணாடிச் சன்னல்கள் நீலமாக ஒளிரும். வடபுறத்தில் யோசேப்பின் கதை சொல்லும் சன்னலில், நாணயம் மாற்றுவோர் மேசை போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். 13-ஆம் நூற்றாண்டுக் கவுண்டர்! அங்கேயே வெகுநேரம் நின்றேன். வங்கியில் காலம் கழித்தவன் வேறென்ன செய்வான்?

1939-ல் இந்தக் கண்ணாடிகளைக் கழற்றிப் பெட்டிகளில் அடுக்கிப் பத்திரப்படுத்தினார்கள். கட்டடத்தைக் கழற்ற முடியுமா? 1944 ஆகஸ்டில், கோபுரத்தில் ஜெர்மானியர் இருப்பதாக நினைத்து, அமெரிக்கப் படை அதன்மேல் பீரங்கியால் சுடவிருந்தது. வெல்போர்ன் கிரிஃபித் என்ற கர்னல் அதை அப்படியே ஏற்கவில்லை. கணக்குப் புத்தகத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போடாமல், பெட்டகத்தைத் திறந்து எண்ணிப் பார்க்கிற ஆள். தானே உள்ளே போய்த் தேடினார். எதிரி ஒருவரும் இல்லை. உத்தரவு கைவிடப்பட்டது.

அன்றே, ஆகஸ்ட் 16-ஆம் தேதி, பக்கத்திலுள்ள லெவ் என்ற ஊரில் நடந்த சண்டையில் அவர் இறந்துபோனார். அங்கே அவருக்கு நினைவுப் பலகை இருக்கிறது. சார்த்ரிலிருந்து வடக்கே திரும்பும் வழியிலேயே லெவ் வந்துவிடும். ஐந்து நிமிடம் வண்டியை நிறுத்தி இறங்கிப் பாருங்கள்.