விவாகப் பிணக்கும் மத்தியஸ்தமும்

(ஆனைக்குட்டத்தில் கூடிய நமது சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



தம்பதிகளின் மனத்தாங்கலை ஊர்ப் பெரியவர்கள் முன்வைத்து, ஒத்துவராவிடில் தீர்த்துவிடும் வழக்கம் தென்பாண்டிச் சீமையில் பல குலத்தாருக்குப் புதிதன்று. 1955-ஆம் வருஷத்து இந்து விவாகச் சட்டமும் வழக்கத்தால் நிலைபெற்ற விடுதலையை அழித்துவிடவில்லை. ஆனால் அவ்வழக்கம் நெடுங்காலமாக இடையறாது நிலவியதென்று ருஜுப்படுத்தியாக வேண்டும். ருஜுவாகாவிடில், ஸ்டாம்புக் காகிதத்தில் இருவரும் கையொப்பமிட்டு நாலு பேர் சாட்சி போட்டாலும் விவாகம் ரத்தாகாது. அக்காகிதத்தை நம்பி மறுமணம் செய்துகொடுக்கப்பட்ட பெண்ணின் கதி யாது? பிற்பாடு சொத்து என்று வரும்போது, அவள் மனைவியே அல்லள் என்று தள்ளிவிட இடமுண்டாகிறது. தாய்மார்கள் இதனை அவசியம் அறிந்திருத்தல் வேண்டும்.

ஆயின் கோர்ட்டே கதியென்று ஓடுவதோ? ஜில்லா கோர்ட்டு ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறது. பட்டாசு ஆபீசுக்குப் போகும் பெண்ணுக்கு ஒரு வாய்தா என்றால் ஒரு நாட்கூலி போயிற்று. துணைக்கு வரும் தகப்பனாருக்கும் அப்படியே. கூலியாவது போகட்டும், கூண்டிலேறி ஒருவரையொருவர் தூற்றிய வார்த்தைகளைக் குழந்தைகள் மறப்பதில்லை.

இவ்விரண்டிற்கும் நடுவே ஒரு வழி உண்டு. 2005-இல் சென்னை ஹைகோர்ட்டில் மத்தியஸ்த நிலையம் ஏற்பட்டு, பின்னர் ஜில்லாக்களிலும் பரவிற்று. விவாக வழக்குகளை முதலில் மத்தியஸ்தத்துக்கு அனுப்பிப் பார்க்க வேண்டுமென்று 2013-இல் சுப்ரீம் கோர்ட்டும் கூறியது. மத்தியஸ்தர் தீர்ப்புச் சொல்பவர் அல்லர். இருவரையும் தனித்தனியே கேட்பார், சேர்த்தும் கேட்பார். அங்கே பேசியது கோர்ட்டில் சாட்சியமாகாது. நகை, சீர், ஜீவனாம்சம், குழந்தை யாரிடம் வளர்வது என்பனவற்றை இசைந்து எழுதிக்கொண்டால், கோர்ட்டு அதனைப் பரிசீலித்து உத்தரவாக்கும். மனமொத்துப் பிரிய விரும்புவோர் ஒரு வருஷம் தனித்திருந்தபின் சேர்ந்து மனுச் செய்யலாம். அதன்பின் ஆறு மாதக் காத்திருப்பைத் தக்க வழக்கில் தளர்த்தலாமென்று 2017-இல் தீர்ப்பாயிற்று.

நமது பெரியவர்களைக் குறித்தும் ஒரு வார்த்தை. அபராதம் விதிப்பதும் ஊர்விலக்குச் செய்வதும் மத்தியஸ்தமன்று. கட்டப்பஞ்சாயத்து முற்றும் சட்டவிரோதமென்று 2011-இல் சுப்ரீம் கோர்ட்டு கண்டித்தது நமது தமிழ்நாட்டு வழக்கொன்றிலேதான். பெண்ணின் தகப்பனாருக்குக் கடன் கொடுத்தவரே நடுவராக உட்கார்ந்தால், அவள் எப்படி வாய் திறப்பாள்? அடிபட்டு வந்தவளை ‘அனுசரித்துப் போ தாயே’ என்று திருப்பியனுப்புவதைச் சமரசம் என்று சொல்ல நமக்கு நாக்கூசுகிறது. அவளுக்கு வேண்டுவது 2005-ஆம் வருஷத்துக் குடும்ப வன்முறைச் சட்டத்தின் பாதுகாப்பு.

1987-ஆம் வருஷத்துச் சட்டப்படி ஸ்திரீகளுக்கு, வருமானம் எவ்வளவாயினும், இலவச வக்கீல் உதவி உண்டு. ஜில்லா சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு மனுவெழுதவும், முதல் நாள் உடன் செல்லவும் சங்கத்தில் இருவர் முன்வரட்டும். அவ்விருவரில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும்.