தந்தையில்லாப் பிறவிகள்

பொள்ளாச்சியிலிருந்து கொழிஞ்சாம்பாறைக்குச் செல்லும் வழியில், தமிழகமும் கேரளமும் எல்லை தொட்டு நிற்குமிடத்தில் அமைந்தது கோபாலபுரம். சுற்றிலும் தென்னந்தோப்புகள். மழைக்குப்பின் இத்தகைய தோப்புகளில் மட்கிக் கிடக்கும் மட்டையைப் புரட்டினால், மண்புழுவோ என்று ஐயுறத்தக்க கரிய உயிரொன்று மினுமினுத்து நெளிந்தோடக் காணலாம். ஒரு சாண் நீளங்கூட இராது. அது புழுவன்று, பாம்பு. புழுப்பாம்பு என்றும் குருட்டுப்பாம்பு என்றும் நாம் வழங்குவது இதனைத்தான். காதுக்குள் புகுந்துவிடும் என்று அஞ்சி இதனை அடித்துக் கொல்வோர் பலர். பாவம், இதற்கு நஞ்சு கிடையாது. எறும்பு, கறையான் ஆகியவற்றின் முட்டைகளும் புழுக்களுமே இதன் உணவு. கறையானால் தென்னங்கன்றை இழந்த உழவர் இதனை அடிக்குமுன் சற்றே எண்ணிப் பார்த்தல் நலம்.

பாட்ரிக் ரஸ்ஸல் என்பார் 1796-இல் வெளியிட்ட இந்தியப் பாம்புகள் பற்றிய நூலிலேயே விசாகப்பட்டினத்தில் கண்ட இதனை விவரித்துள்ளார். ஆயினும் இதன் பெரும் புதுமை 1970-களுக்குப் பின்னரே தெளிவாயிற்று. ஆராய்ந்தவற்றுள் ஆணே இல்லை; அத்தனையும் பெண்! தாய் தனித்தே முட்டையிடுகிறாள்; அம்முட்டைகளிலிருந்து மகள்களே வெளிவருகின்றனர். பிற பாம்புகளுக்கு இரண்டு தொகுதி நிறப்புரிகள் இருக்க, இதற்கோ மூன்று. நாற்றுகளின் வேர்மண்ணிலும் பூந்தொட்டிகளிலும் ஒளிந்து கப்பலேறிய இப்பாம்பு, இன்று ஹவாய், புளோரிடா, மெக்சிகோ எனப் பற்பல இடங்களில் குடியேறியுள்ளது. துணை தேட வேண்டாத உயிருக்கு ஒன்று கரையேறினாலே போதும், குடி பெருகிவிடும். ஊரிலிருந்து கறிவேப்பிலைக் கன்றைத் தொட்டியோடு எடுத்துச் சென்ற நம் அன்பர்கள் சிலரும் அறியாமலே இதற்குப் பயணச் செலவு கொடுத்திருக்கக்கூடும்!

தந்தையின்றிப் பிறப்பது எங்கும் ஒரே முறையில் நிகழ்வதில்லை. 2016-இல் பொள்ளாச்சி வட்டாரத் தென்னைகளில் கண்டறியப்பட்ட சுருள் வெள்ளை ஈயை எடுத்துக்கொள்வோம். வெள்ளை ஈக்களில் கருவுறா முட்டையிலிருந்து ஆண் மட்டுமே தோன்றும். பெண் பிறக்கத் தந்தை வேண்டும். தேனீக்களிலும் இதுவே வழக்கு.

இவையெல்லாம் சிற்றுயிர்கள். சுறாவிலும் இது நிகழும் என்பதை முதலில் எவரும் நம்பவில்லை. 2001-இல் அமெரிக்காவின் ஓமஹா நகர் விலங்குக்காட்சியகத்தில், மூன்றாண்டுகளாக ஆண்துணையின்றி வாழ்ந்த கொம்பன்சுறா இனப் பெண்களுள் ஒன்று குட்டி ஈன்றது. பழைய உறவில் பெற்ற விந்தைச் சேமித்து வைத்திருக்கும் என்றே பலரும் கருதினர். ஆனால் 2007-இல் வெளிவந்த மரபணு ஆய்வு, குட்டியின் உடலில் தந்தையின் சுவடே இல்லையென நிறுவிற்று. முட்டை முதிரும்போது கழிந்துபோக வேண்டிய சிறு உயிரணு ஒன்று, விந்தின் இடத்தில் முட்டையோடு இணைந்துவிடுகிறது. ஆஸ்திரேலியாவின் டவுன்ஸ்வில் காட்சியகத்தில், 2012-இல் ஆணிடமிருந்து பிரிக்கப்பட்ட லியோனி என்ற வரிச்சுறாவும் 2016-இல் இவ்வாறே குஞ்சு பொரித்தது.

சுறாவில் இவ்வழிப் பிறப்பன பெண்களே. தாயின் மரபுச் செல்வத்தில் ஒரு பகுதியே குட்டிக்குச் சேர்வதால், நோயையும் மாறும் சூழலையும் தாங்கும் பன்மை அதற்குக் குறைவு. ஆகவே இதனை வரமென்று கொண்டாட நமக்கு மனம் வரவில்லை. வேறு வழியற்றபோது தாய் திறக்கும் பின்வாசல் என்றே கொள்கிறோம்.

அப்பின்வாசல் காட்சியகத் தொட்டிகளில் மட்டும் திறக்கவில்லை. புளோரிடாவின் கழிமுகங்களில் தந்தையின்றிப் பிறந்து, நல்ல வளர்ச்சியோடு திரிந்த ஏழு வேளா மீன்களை ஆய்வாளர் 2015-இல் அறிவித்தனர். சுறாவுக்கு உறவான, வாள்போல் நீண்ட மூக்குடைய அம்மீன், வலைகளில் சிக்கி மிக அருகிவிட்டது. துணை காண்பதே அரிதானமையால் இவ்வாறு நேர்ந்திருக்கலாம் என்பது அவர்கள் கருத்து. நம் கடல்களிலும் வேளா இன்று காண்பதற்கரியதாகிவிட்டது.