சிறு வணிகமும் இணைய விளம்பரமும்



பிழைப்பு நாடிப் பிற மாநிலங்களுக்கு வந்த தமிழர்கள் முதலில் தேடியவை இரண்டு. ஒன்று கோயில், மற்றொன்று நம் ஊர்ச் சாமான்கள் கிடைக்கும் கடை. மும்பையில் மாதுங்காவிலும், கொல்கத்தாவில் லேக் மார்க்கெட்டிலும், தில்லியில் கரோல் பாக்கிலும் அத்தகைய கடைகள் தோன்றி வளர்ந்தன. அவற்றுள் பலவற்றுக்கு வாய்த்த விளம்பரம் ஒன்றே. "இன்ன கடையில் நல்ல காப்பிப்பொடி கிடைக்கிறது" என்று ஒரு வீட்டார் மற்றொரு வீட்டாருக்குச் சொன்ன சொல்தான் அது. சொன்னவரை நமக்குத் தெரியும். ஆகையால் சொல்லையும் நம்பினோம்.

இன்று நகரங்கள் விரிந்துவிட்டன. தில்லியை எடுத்துக்கொண்டால், மயூர் விகாரில் வாழும் தமிழருக்குத் துவாரகையில் வாழும் தமிழரைத் தெரியாது. அடுக்குமாடியில் எதிர்வீட்டார் யார் என்பதே பலருக்குத் தெரிவதில்லை. முன்பு பக்கத்து வீட்டாரைக் கேட்டவர்கள் இப்போது கையிலுள்ள கைப்பேசியைக் கேட்கிறார்கள். அது யாரைக் காட்டுகிறதோ அவரிடம் செல்கிறார்கள். ஆகவே, வீட்டில் பொடி இடித்து விற்பவர், தையல் தைப்பவர், சிறு உணவகம் நடத்துபவர், பாட்டு சொல்லிக்கொடுப்பவர் ஆகிய எல்லோருக்கும் இணைய விளம்பரம் அறியவேண்டிய பொருளாகிவிட்டது.

இவ்விளம்பரத்தின் வரலாறு நீண்டதன்று. 1994-ஆம் ஆண்டு அக்டோபர் 27-ஆம் நாள், அமெரிக்காவில் 'ஹாட்வயர்டு' என்னும் இணைய இதழில் பட்டை வடிவிலான விளம்பரங்கள் முதன்முதலாக வெளிவந்தன. 2000-ஆம் ஆண்டு அக்டோபரில் கூகுள் நிறுவனம், மக்கள் தேடும் சொற்களுக்கு ஏற்ப விளம்பரம் காட்டும் முறையை 'ஆட்வேர்ட்ஸ்' என்ற பெயரில் தொடங்கியது. அன்று அதில் சேர்ந்திருந்த விளம்பரதாரர்கள் 350 பேர். பத்திரிகையில் விளம்பரம் செய்யக் கணிசமான தொகை வேண்டும். இங்கோ, நாளொன்றுக்கு நூறு ரூபாய் வைத்திருப்பவரும் இறங்கலாம். சிறு வணிகருக்கு இது நல்வாய்ப்பு. ஆனால் வழி தெரியாமல் இறங்கினால், நூறு நூறாகக் கரைவதும் தெரியாது.

இதைப் பற்றிப் பேச எனக்கு என்ன தகுதி என்று நேயர்கள் கேட்கலாம். நான் வணிகனல்லன், மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளன். எனினும் ஒரு விளம்பரத்தில் இரண்டு பிழைகள் செய்து, அவற்றால் சிறிது பாடம் கற்றவன். அதைச் சொல்வதே இப்பேச்சின் நோக்கம்.

எங்கள் குடியிருப்பில், தஞ்சைப் பக்கத்திலிருந்து வந்த ஓர் அம்மையார் இருக்கிறார். வயது அறுபதுக்கு மேல். கணவர் காலமான பிறகு, பருப்புப்பொடி, மிளகாய்ப்பொடி, வெந்தயப்பொடி முதலியவற்றை வீட்டிலேயே வறுத்து அரைத்து விற்று வருகிறார். அவருடைய மகன் ஒரு நாள் என்னிடம் வந்து, "சார், அம்மாவின் பொடிகளுக்கு இணையத்தில் விளம்பரம் கொடுக்கப் போகிறேன். தமிழிலும் இந்தியிலும் நீங்கள்தான் எழுதித் தரவேண்டும்" என்றான். எழுத்து என்றதும் எனக்கு உற்சாகம் பிறந்துவிட்டது.

முதற்பிழை சொல்லில் நேர்ந்தது. 'பொடி' என்பதற்கு இந்தியில் என்ன எழுதுவது? 'சூர்ண' என்னும் வடசொல் எனக்கு மிகப் பொருத்தமாகத் தோன்றியது. அகராதியும் அதற்குச் சான்று சொல்லும். ஆனால் வடநாட்டுச் சந்தையில் அச்சொல் சீரண மருந்தைக் குறிக்கும் என்பதை அகராதியோடு நின்ற நான் எண்ணிப்பார்க்கவில்லை. விளம்பரம் வெளிவந்த பின்பு அழைத்தவர்களுள் இருவர், "உண்பதற்கு முன்னா, பின்னா?" என்று கேட்டார்கள். அம்மையார் சிரித்துவிட்டு, "தம்பி, இங்கே என்னிடம் வாங்கும் பஞ்சாபிக்காரர்கள்கூட 'இட்லி பொடி' என்றுதானே கேட்கிறார்கள்? அதையே போட்டால் என்ன?" என்றார்.

அவர் சொன்னது இணைய விளம்பரத்தின் அடிப்படை விதி என்பதைப் பிறகு உணர்ந்தேன். தேடுபவர் எந்தச் சொல்லைத் தட்டுகிறாரோ, அந்தச் சொல் நம் விளம்பரத்தில் இருக்கவேண்டும். தமிழ் தெரிந்தவர்களிலும் பலர் ஆங்கில எழுத்துகளில் 'இட்லி பொடி' என்று தட்டித் தேடுகிறார்கள். வேறு சிலரோ, உணவகங்களின் பட்டியலில் கண்டபடி 'கன் பவுடர்' என்று தேடுகிறார்கள். நம் மிளகாய்ப்பொடிக்கு வெடிமருந்து என்று பெயர் வைத்தவர் யாரோ அறியேன். ஆயினும் வாங்குபவர் வாயில் வழங்கும் சொல்லே விலைபோகும் சொல்.

இனி, பணம் எவ்வாறு செலவாகிறது என்று காண்போம். ஒருவர் ஒரு சொல்லைத் தேடும் அந்தக் கணத்திலேயே, அச்சொல்லுக்காக விளம்பரம் கொடுத்தவர்களிடையே ஓர் ஏலம் நடந்து முடிகிறது. ஏலத்தொகை மட்டும் இடத்தைத் தீர்மானிப்பதில்லை. தேடியதற்கும் விளம்பரத்துக்கும் உள்ள பொருத்தம், விளம்பரம் இட்டுச்செல்லும் பக்கத்தின் பயன் ஆகியவையும் கணக்கிடப்படுகின்றன. பொதுவாக, விளம்பரத்தைத் தொட்டு ஒருவர் உள்ளே வந்தால்தான் நாம் பணம் தரவேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒருவர் உள்ளே வருவதற்கு 8 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நாளைக்கு 100 ரூபாய் வீதம் பத்து நாளில் 1000 ரூபாய் செலவிட்டால் 125 பேர் வருவார்கள். அவர்களுள் ஐவர் ஆளுக்கு ஒரு பொட்டலம் வாங்குகிறார்கள். சாமான், பொட்டலம், அனுப்பும் செலவு எல்லாம் போக ஒன்றுக்கு 50 ரூபாய் நிற்கிறது என்றால், கிடைத்தது 250 ரூபாய். ஆயிரத்தை விட்டு இருநூற்றைம்பதைப் பிடிப்பது வணிகமாகுமா? ஆகாது. ஆனால் அந்த ஐவரும் மாதந்தோறும் வாங்கினால் நான்காம் மாதத்தில் முதல் திரும்பிவிடும். ஐந்தாம் மாதம் முதல் இலாபம். ஆக, விளம்பரம் கொண்டுவருவது முதல் விற்பனையை மட்டுமே. இரண்டாம் விற்பனையைக் கொண்டுவருவது சரக்கின் தரமும், சொன்ன சொல் தவறாமையும் ஆகும். சிறு வணிகரின் இலாபம் அந்த இரண்டாம் விற்பனையில்தான் தொடங்குகிறது.

செலவைக் குறைக்கும் வழிகளும் உண்டு. விளம்பரம் எத்தனை கிலோமீட்டர் சுற்றளவில் தெரியவேண்டும் என்று வரையறுக்கலாம். நொய்டாவில் பொடி விற்பவர் நாக்பூரில் உள்ளவருக்கு விளம்பரம் காட்டிப் பயனில்லை. 'இட்லி பொடி செய்வது எப்படி' என்று தேடுபவர் வாங்க வந்தவரல்லர், கற்க வந்தவர். அத்தகைய தேடல்களை விலக்குமாறு முன்கூட்டியே குறித்துவிடலாம். இவ்விரண்டையும் செய்யாமையால் வீணாகும் பணம் சிறிதன்று.

பணம் கொடுப்பதற்கு முன், இலவசமாகக் கிடைப்பதை முழுமையாகப் பயன்படுத்துவது அறிவுடைமை. 'கூகுள் பிசினஸ் புரொஃபைல்' என்னும் பதிவின் மூலம் நிலப்படத்தில் நம் கடை தோன்றும்படி செய்யலாம். அதற்குக் கட்டணம் கிடையாது. வீட்டிலிருந்து தொழில் செய்வோர் முகவரியை மறைத்து, எந்தெந்தப் பகுதிகளுக்குப் பொருள் தருகிறோம் என்பதை மட்டும் காட்டலாம். கடை திறக்கும் நேரம், தொலைபேசி எண், சொந்தமாக எடுத்த படங்கள் ஆகியவை சரியாக இருந்தால் அதுவே பாதி விளம்பரம். "உங்கள் பதிவு நீக்கப்படும், பணம் கட்டுங்கள்" என்று யாரேனும் அழைத்தால் நம்பவேண்டாம். 2018-ஆம் ஆண்டில் வந்த 'வாட்ஸ்அப் பிசினஸ்' செயலியிலும் பொருட்பட்டியலைப் படத்துடனும் விலையுடனும் செலவின்றி வைக்கலாம். ஆனால் கிடைத்த எண்களுக்கெல்லாம் செய்தி அனுப்புவது வேண்டாம். விரும்பிக் கேட்டவருக்கு அனுப்பினால் அது செய்தி. கேளாதவருக்கு அனுப்பினால் தொல்லை.

இரண்டாம் பிழைக்கு வருகிறேன். இது நகைப்புக்குரியதன்று.

வெந்தயப்பொடிக்கு எழுதும்போது, "சர்க்கரை நோயைக் கட்டுப்படுத்தும் அருமருந்து" என்று ஒரு வரி சேர்த்தேன். யாரும் என்னைச் சேர்க்கச் சொல்லவில்லை. வரி எடுப்பாக இருந்தது, சேர்த்தேன். ஒரு வாரம் கழித்து, குருகிராமத்திலிருந்து முதியவர் ஒருவர் அம்மையாரை அழைத்தார். பல ஆண்டுகளாக நீரிழிவுக்கு மாத்திரை உண்பவராம். "இந்தப் பொடியைச் சாப்பிட ஆரம்பித்தால் மாத்திரையை எத்தனை நாளில் நிறுத்தலாம் அம்மா?" என்று கேட்டிருக்கிறார்.

அன்று மாலையே அம்மையார் என் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டார். அவர் குரல் உயரவில்லை. "தம்பி, நான் பொடி இடிக்கிறவள், வைத்தியம் பார்க்கிறவள் இல்லை. அந்தப் பெரியவர் கேட்டதனால் தெரிந்தது. கேட்காமலே நிறுத்தியவர் யாராவது இருந்தால்?" என்றார்.

எனக்கு விடை சொல்லத் தெரியவில்லை. அந்த நிமிடமே மகனை அழைத்து அவ்வரியை எடுக்கச் செய்தோம். அதுவரை பொடி வாங்கிய ஒவ்வொருவருக்கும் அவன் தனித்தனியாகத் தொலைபேசியில் விளக்கம் சொன்னான். அந்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. இருபது ஆண்டுகளாகச் சொற்களோடு பழகுகிறேன். ஒரு சொல் ஒருவரின் மாத்திரையை நிறுத்தக்கூடும் என்று எண்ணிப் பார்த்ததில்லை.

சட்டமும் இதில் தெளிவாக இருக்கிறது. நீரிழிவு முதலிய சில நோய்களைத் தீர்ப்பதாக மருந்து விளம்பரம் செய்வதை, ஆட்சேபகரமான விளம்பரங்கள் பற்றிய 1954-ஆம் ஆண்டின் சட்டமே தடுத்துள்ளது. உணவுப்பொருள் நோயைத் தடுக்கும் அல்லது குணப்படுத்தும் என்று கூறுதல் ஆகாது என்பது உணவு விளம்பரம் குறித்த 2018-ஆம் ஆண்டின் ஒழுங்குமுறை விதி. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, தவறான வழியில் செலுத்தும் விளம்பரத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்சம் ரூபாய் வரையிலும், மீண்டும் செய்தால் 50 லட்சம் வரையிலும் தண்டம் விதிக்கலாம். வீட்டில் தயாரித்து விற்போரும் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தில் பதிவுபெறவேண்டும். அதற்குரிய 14 இலக்க எண்ணைப் பொட்டலத்தில் அச்சிடவேண்டும்.

இன்னொரு வலையையும் சொல்லவேண்டும். மாதத்துக்கு இவ்வளவு தொகை கொடுத்தால் ஐந்து நட்சத்திர மதிப்புரைகள் நூறு எழுதித் தருவதாகக் கூறும் இடைத்தரகர்கள் இருக்கிறார்கள். அம்மையாரின் மகனிடமும் ஒருவர் வந்தார். பொடியைச் சுவைத்தறியாதவர் எழுதும் புகழுரை, பொய்ச்சாட்சிக்குச் சமம். இந்தியத் தர நிர்ணய அமைவனம் இணைய மதிப்புரைகளுக்கென்றே 2022-இல் ஒரு தரநிலையை வெளியிட்டுள்ளது. பணமோ பொருளோ பெற்றுப் பரிந்துரைப்பவர் அவ்வுறவை வெளிப்படுத்தவேண்டும் என்று அதே ஆண்டின் அரசு வழிகாட்டு நெறிகளும் கூறுகின்றன. உண்மையில் வாங்கியவரிடம், "பிடித்திருந்தால் இரண்டு வரி எழுதுங்கள், குறை இருந்தால் அதையும் எழுதுங்கள்" என்று கேட்பதே நேர்வழி. குறை எழுதியவருக்குப் பணிவாக விடை எழுதினால், அந்த விடையைப் படிப்பவரே அடுத்த வாடிக்கையாளர் ஆகக்கூடும்.

அன்பர்களே, மொழியும் உறவும் வேறான ஊரில் தொழில் செய்யும் சிறு வணிகருக்குப் பெயர்தான் முதலீடு. முன்பு அப்பெயரை ஒரு தெருவார் அறிந்திருந்தனர். இன்று ஒரு நகரமே அறியலாம். வழி மாறியிருக்கிறது, வாக்கின் கடமை மாறவில்லை. நேரில் நின்று ஒருவர் முகம் பார்த்துச் சொல்லக் கூசும் சொல்லை இணையத்திலும் எழுதாதிருப்போமாக.

அம்மையாரின் விளம்பரத்தை இப்போது அவரே சொல்ல, நான் எழுதுகிறேன். வெந்தயப்பொடியின் கீழ் இருப்பது இவ்வளவுதான்: வெந்தயம், உளுந்து, மிளகாய், கறிவேப்பிலை, உப்பு, எடை 100 கிராம், அரைத்த நாள், விலை. என் புலமைக்கு அதில் இடமில்லை. குருகிராமத்துப் பெரியவர் மாதந்தோறும் இரண்டு பொட்டலம் வாங்குகிறார். மாத்திரையையும் விடாமல் உண்கிறார்.