மாலை நேர அழுகை

நன்றாகப் பால் குடித்து எடை கூடும் பச்சிளங்குழந்தை, பொழுது சாய்ந்தால் முகம் சிவக்க, கால்களை வயிற்றோடு மடக்கி வீறிட்டு அழும். இப்படி ஒரு நாளில் 3 மணி நேரத்துக்கு மேல், வாரத்தில் 3 நாளுக்கு மேல் அழுவது என்பது 1954இல் அமெரிக்க மருத்துவர் வெசல் வகுத்த அளவுகோல். சுமார் 6 வாரத்தில் உச்சம் தொடும் இந்த அழுகை, 3, 4 மாதத்தில் பெரும்பாலும் தானாகவே அடங்கிவிடும். ஆகவே, மருந்தைத் தேடுவதைவிடத் தாய்க்குக் கைமாற்ற ஆள் தேடுவதே முக்கியம்.

“கிரைப் வாட்டர் கொடுத்ததும் அழுகை நின்றதே” என்பார்கள். இனிப்புச் சுவை குழந்தையைச் சற்று நேரம் அமைதிப்படுத்தும், அவ்வளவுதான். அதுவும் தேவையில்லை; 6 மாதம்வரை தாய்ப்பால் மட்டுமே போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பிள்ளையைத் தோளில் சாய்த்து ஏப்பம் விட வையுங்கள். அம்மாவைக் கொஞ்சம் தூங்க விடுங்கள். எரிச்சலில் குழந்தையைக் குலுக்கவே கூடாது. காய்ச்சல், பச்சை நிற வாந்தி, பால் குடிக்க மறுப்பது இருந்தால் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.