தெருவைப் பார்த்த வாசல்

திருச்சி ஸ்ரீரங்கம் கோயிலுக்கு ஏழு திருச்சுற்றுகள். உத்தர வீதி, சித்திரை வீதி போன்ற வெளிச்சுற்றுகளில் மக்கள் குடியிருக்கிறார்கள். அங்குள்ள பழைய வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி, தெருவைப் பார்த்தே நிற்கும். வாசலில் திண்ணை. முகம் தெரியாத ஒருவர் வந்தால், "யாரைப் பார்க்கணும்?" என்று குரல் வரும். திருடனுக்கு அந்தக் கேள்வியே பெரிய பூட்டு.

தெருவைக் காப்பது போலீஸ் மட்டுமல்ல, அங்கே வாழ்கிறவர்களின் பார்வையும்தான் என்று நகர வாழ்க்கை பற்றி எழுதிய ஜேன் ஜேக்கப்ஸ் 1961இல் சொன்னார். குடியிருப்பின் அமைப்பே குற்றத்தைக் குறைக்கும் என்று கட்டடக் கலைஞர் ஆஸ்கார் நியூமன் 1972இல் விளக்கினார்.

1999இல் திருச்சி காவல் ஆணையராக வந்த ஜே.கே. திரிபாதியும் மக்களின் கண்களையே நம்பினார். ஒவ்வொரு பகுதிக்கும் நிலையான காவலர்களை அமர்த்தி, மக்களோடு பழகச் செய்தார்.

இன்று நாம் கட்டும் அடுக்குமாடிகளிலோ கீழ்த்தளம் முழுக்க கார்கள். முன்னால் ஆளுயர மதில். அந்த மதிலைத் தாண்டி உள்ளே குதித்தவனை அப்புறம் தெருவில் யாரும் பார்க்க முடியாது.

வீடு கட்டுகிறவர்களே, தெருப்பக்கம் ஒரு ஜன்னலாவது வையுங்கள். மதிலை இடுப்பளவில் நிறுத்தி, மேலே கம்பி போடுங்கள். தெருவிளக்கை மறைக்கும் கிளையை வெட்ட மாநகராட்சியிடம் மனு கொடுங்கள். பூங்காவின் சுற்றுச்சுவர் உள்ளே இருப்பவர்களை மறைக்கக் கூடாது என்று கேளுங்கள். மாலையில் சிறிது நேரம் வாசலில் உட்காருங்கள். பள்ளி விட்டு வரும் பிள்ளைக்கும், இரவுப் பணி முடித்துத் திரும்பும் பெண்ணுக்கும் அதைவிட நல்ல காவல் இல்லை.